22 அடி ஃபைபர் படகு: மேலே இரண்டு அடுக்கு போட்டால் போதுமா, டிரான்சத்தைத் திறக்க வேண்டுமா?

அணியம்22 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் என் அப்பாவின் 22 அடி ஃபைபர் படகு கிடக்கிறது. 2007-இல் வாங்கியது, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் மாட்டி ஓட்டியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்த இந்தப் படகு புரண்டு போய் ஒரு தென்னையில் மோதி நின்றது. அதன் பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. படகைக் கொல்லைக்கு இழுத்து வந்து கீற்றுப் போட்டு மூடியதோடு சரி. இப்போது அவரே, "இதைச் சரி செய்து விடலாமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். இந்த வேலையை நானே வீட்டில் வைத்துச் செய்ய விரும்புகிறேன்.

படகின் நிலைமையைச் சொல்கிறேன். எஞ்சின் மாட்டும் டிரான்சம் பலகையில் (படகின் பின்பக்கச் சுவர்), எஞ்சின் பிடி அழுத்திய இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்புகள் உள்ளன. கீழே இருக்கும் தண்ணீர் வடிக்கும் துளையின் ஓரத்தில், மழை விட்டு நான்கு நாள் ஆனாலும், பழுப்பு நிறத்தில் ஏதோ கசிகிறது. அடிப்பக்கம், மணலில் இழுத்து இழுத்து ஏராப் பகுதி (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகு) தேய்ந்து, சில இடங்களில் கண்ணாடி நார் வெளியே தெரிகிறது. உள்ளே மழைநீர் தேங்கி நின்ற இடத்தில் சிறு சிறு கொப்புளங்கள். ஒன்றைக் கத்தி முனையால் குத்தினேன், புளித்த காடி போன்ற வாசனையோடு திரவம் வந்தது. இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது எடை. முன்பு ஆறு பேர் தோள் கொடுத்தால் மேட்டில் ஏறிய படகை, சென்ற மாதம் பத்துப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் ஃபைபர் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வெளிப்புறம் முழுவதும் கிரைண்டர் அடித்து, இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு, பெயிண்ட் அடித்துவிட்டால் இன்னும் பத்து ஆண்டுகள் ஓடும் என்கிறார். அப்பாவோ, "பலகை போயிருந்தால் படகே போன மாதிரிதான்" என்கிறார். யார் சொல்வது சரி? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ரெசின்வாளி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. பலகை போயிருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பலகையை மாற்றலாம், அதனால் படகு போகவில்லை. நான் 19 ஆண்டுகள் ஒரு படகுக் கூடத்தில் மேட் போடும் வேலை பார்த்தவன். வெளியே இரண்டு அடுக்கு போட்டு அனுப்பிய படகுகள் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஈரத்தை உள்ளே வைத்து வெளியே மூடினால், அந்த ஈரம் போக வழியில்லாமல் மரத்தை இன்னும் வேகமாகத் தின்னும். எடை கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி நார் அவ்வளவு தண்ணீர் குடிக்காது. குடித்தது டிரான்சத்துக்குள் இருக்கும் ஒட்டுப்பலகையும், மிதவை அறைகளில் அடைத்திருக்கும் பொருளும்தான். அந்தப் படகின் மேல் இன்னும் இரண்டு அடுக்கு போடுவது, எடைக்கு மேல் எடை சேர்ப்பது.

முதலில் செய்ய வேண்டியது தட்டிப் பார்ப்பது. திருப்புளியின் கைப்பிடியால் டிரான்சம் முழுவதும் ஓர் அங்குல இடைவெளியில் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த இடமும் ஊறிய இடமும் ‘தொம்’ என்று அமுங்கி ஒலிக்கும். சாக்பீஸால் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு உட்புறத்திலிருந்து, கீழ்ப்பகுதியில் மூன்று நான்கு இடங்களில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, வெளியே வரும் மரத்தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறி, உதிரியாக வந்தால் பலகை பிழைத்தது. கறுத்து, விரலில் ஒட்டினால் திறந்துதான் ஆக வேண்டும். பலகையின் வெளிப்பக்கத்து ஃபைபர் தோலைத் துளைத்துவிடாதீர்கள், அது பின்னால் நமக்கு அச்சாகப் பயன்படும்.

திறப்பது என்று முடிவானால் உள்ளிருந்தே திறங்கள். அதற்கு முன்னால் படகைச் சமமாக உட்கார வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது. ஏராக் கட்டையில் மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டுப் பலகையை எடுத்தால், படகின் பின்பகுதி தன் எடையிலேயே விரிந்துவிடும். அப்படி விரிந்த நிலையிலேயே புதுப் பலகையை ஒட்டினால், பிறகு எந்த எஞ்சின் மாட்டினாலும் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். இரு பக்கமும் மணல் மூட்டைகளால் முட்டுக் கொடுத்து, பின்பக்கத்து இரு மேல் மூலைகளுக்கும் குறுக்கே ஒரு கட்டையைத் திருகி, அணியத்திலிருந்து (படகின் முன்முனை) ஒவ்வொரு மூலைக்கும் நூல் பிடித்து அளவைக் குறித்து வையுங்கள். வேலை முடியும் வரை அந்த இரண்டு அளவுகளும் மாறக் கூடாது.

பிறகு உள் தோலை, ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டு, வெட்டி எடுங்கள். அழுகிய பலகையை உளியால் சுரண்டி, வெளித்தோலின் உட்புறம் தெரியும் வரை சுத்தம் செய்து, ஒரு வாரமாவது உலர விடுங்கள். பழைய ஃபைபரின் மேல் புதிய ரெசின் (நாரை நனைத்து இறுகும் பிசின்) இரசாயனப் பிணைப்பாக ஒட்டாது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எனவே 36 அல்லது 40 எண் உப்புத்தாளால், பளபளப்பு ஒரு துளிகூட இல்லாமல், நார் தெரியும் வரை தேய்க்க வேண்டும். தேய்த்த பின் கையால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணாடித் தூள் அரிக்கும் என்று தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் நம் பக்கம் உண்டு; அந்தக் கை பட்ட இடத்தில் மேட் உரிந்து வரும்.

ஏராப் பகுதிக்கு உங்கள் ஊர்க்காரர் சொன்ன முறையே போதும், ஆனால் சரிவு வெட்ட வேண்டும். தடிப்பில் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது கணக்கு. 8 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சுமார் 96 மில்லிமீட்டர். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கொடுக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ரெசின் பிடிக்கும். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் போடாதீர்கள், சூடேறி வெடிக்கும். ரெசின் வாங்கும்போது சாதாரண ரகம் வேண்டாம், ஐசோ ரகப் பாலியெஸ்டர் ரெசின் கேளுங்கள். தண்ணீரைத் தாங்குவதில் இரண்டுக்கும் வேறுபாடு மிகுதி.

ஏரிக்கரைவாசி எழுதியது:

நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். 1980-களில் செய்யப்பட்ட 17 அடிப் படகு ஒன்றை என் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்து, இரண்டு கோடைக்காலங்களில் புதுப்பித்தேன். இங்குள்ள படகுகளில் டிரான்சம் மட்டுமல்லாமல், தரைக்கு அடியில் ஓடும் நெடுக்குக் கட்டைகளும் ஒட்டுப்பலகையைச் சுற்றி ஃபைபர் போர்த்தியவையாகவே பெரும்பாலும் இருக்கும். திறந்தபோது அவை எல்லாமே ஊறிப் போயிருந்தன. எனவே ரெசின்வாளி அண்ணன் சொன்ன தட்டிப் பார்க்கும் வேலையை டிரான்சத்தோடு நிறுத்தாமல், உங்கள் படகின் வங்குகளிலும் (விலா எலும்பு போன்ற உட்கட்டைகள்) செய்யுங்கள். வங்குகளை மாற்ற நேர்ந்தால் ஒன்றை எடுத்து, அதே இடத்தில் புதியதை ஒட்டி, அது இறுகிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனிடமிருந்து மாறுபடுகிறேன். பழைய பரப்போடு மரத்தை ஒட்டும் இடத்தில் பாலியெஸ்டரை விட எபாக்சி என்ற வேறு வகை ரெசின் பல மடங்கு நம்பிக்கையானது. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். மரத்தோடு அதன் பிடி காலப்போக்கில் விட்டுவிடும். என் படகிலேயே பழைய ஃபைபர் பல இடங்களில் கட்டையிலிருந்து உறை போலக் கழன்று வந்தது. விலை கூடுதல் என்பது உண்மை, ஆனால் டிரான்சத்துக்குத் தேவைப்படுவது சில கிலோதான்.

எபாக்சி எடுத்தால் இரண்டு கவனங்கள் வேண்டும். சாதாரண மேட்டில் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அந்த மேட் நனைந்து படியாமல் விறைத்து நிற்கும், மூலைகளில் மடியாது. எனவே எபாக்சிக்கு நெய்த துணியோ, தைத்த துணியோ வாங்குங்கள். அடுத்தது, எபாக்சியின் மேல் பாலியெஸ்டரையோ ஜெல்கோட்டையோ (படகின் பளபளப்பான மேல் பூச்சு) போட்டால் சரியாக இறுகாது, ஒட்டவும் செய்யாது. பாலியெஸ்டரின் மேல் எபாக்சி வரலாம். எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் வரக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும். எபாக்சி போட்ட இடத்துக்கு இரு கலவைப் பாலியூரித்தேன் பெயிண்ட் பொருந்தும்.

ரெசின்வாளி எழுதியது:

ஏரிக்கரைவாசி தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். கூடத்தில் நாங்கள் டிரான்சத்தையும் பாலியெஸ்டரில்தான் ஒட்டினோம். புதுப் படகில், வெளித்தோல் முழுவதும் இறுகாமல் இருக்கும்போதே பலகையை வைத்து அழுத்துவதால் அது பிடித்தது. 18 ஆண்டு பழைய தோலில் அந்த வாய்ப்பு இல்லை. எனவே டிரான்சத்துக்கு எபாக்சி, ஏராப் பகுதிக்கு ஐசோ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்காதபடி எல்லையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் ரெசின் இறுகவில்லையே என்று காத்திருப்பார்கள். இங்கே தூரிகையை எடுப்பதற்குள் வாளி கல்லாகிவிடும். கத்திரி வெயிலில் பகல் நேரத்தில் பாலியெஸ்டர் கலக்காதீர்கள். விடியற்காலையில், ஒரு கிலோவுக்கு 10 கிராம் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) என்ற அளவில், அரை அரைக் கிலோவாகக் கலந்து வேலை செய்யுங்கள். சீக்கிரம் இறுகுகிறது என்று ஹார்ட்னரை மேலும் குறைத்தால், அந்த அடுக்கு எத்தனை நாள் ஆனாலும் முழுமையாக இறுகாமல் போகக் கூடும். மரத்துக்கு எபாக்சி பூசுவதை மட்டும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வந்து, பூச்சு முழுவதும் குமிழியாகும். மாலையில் மரம் குளிரும்போது எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அப்போது படகு வேலை தெரிந்த ஆட்கள் துறைமுகத்திலேயே இருப்பார்கள். உதவிக்கு ஆள் தேவைப்பட்டால் முன்பே சொல்லி வையுங்கள்.

தச்சுப்பட்டறை எழுதியது:

பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையில் ‘வாட்டர் புரூஃப்’ என்று சொல்லிக் கொடுக்கும் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல், படகு வேலைக்கான ஒட்டுப்பலகையின் தரக்குறியீடு அது. 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை எபாக்சியால் ஒன்றாக ஒட்டினால் 36 வரும். தோல்களோடு சேர்த்துப் பழைய தடிப்புக்குச் சமமாக வர வேண்டும், எஞ்சின் பிடி அந்தத் தடிப்புக்கு மேல் விரியாது. வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய். அந்த ஓரங்களுக்கு மூன்று முறை எபாக்சி பூசுங்கள்.

எந்தத் திருகாணித் துளையையும் நேரடியாகப் போடாதீர்கள். 10 மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால் 16-இல் துளைத்து, எபாக்சியில் சிலிக்கா தூள் கலந்து குழைத்து நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் 10-இல் துளையுங்கள். அப்போது திருகாணியைச் சுற்றி மரமே தெரியாது.

கண்பட்டவன் எழுதியது:

படகைப் பற்றி மேலே உள்ளவர்கள் எழுதியதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஹார்ட்னரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு ஃபைபர் பூசும்போது, மூடியைத் திறந்த வேகத்தில் ஒரு சொட்டு என் வலக் கண்ணில் தெறித்தது. பக்கத்திலேயே குழாய் இருந்ததால் விடாமல் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். இருந்தும் கருவிழியில் தழும்பு விழுந்து, அந்தக் கண்ணில் இன்றுவரை பார்வை மங்கல்தான். முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடி போடாமல் அந்த புட்டியைத் தொடாதீர்கள். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாக வாங்கிச் சேர்க்கும் ரெசினாக இருந்தால், கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். தூசிக்குப் போடும் துணி முகக்கவசம் ரெசின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி தனியாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

அணியம்22 எழுதியது:

நீங்கள் எல்லாரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களில் செய்ததை எழுதுகிறேன்.

தட்டிப் பார்த்ததில் டிரான்சத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் ‘தொம்’ என்றது. துளை போட்டேன், கறுத்த தூள் வந்தது. படகைச் சமமாக நிறுத்தி, நூல் பிடித்து, உள் தோலை வெட்டி எடுத்தோம். மேலே ஒரு சாண் அளவுக்குப் பலகை நன்றாக இருந்தது. அதற்குக் கீழே, கொதிக்க வைத்து வடிகட்டிய தேயிலைச் சக்கை போல, கையாலேயே அள்ளி எடுக்கும் நிலையில் இருந்தது. நான் பயந்த சிலந்தி வலை வெடிப்புகள் மேல் பூச்சோடு நின்றிருந்தன, அவற்றின் பின்னால் மரம் உலர்ந்தே இருந்தது. தண்ணீர் உள்ளே போன வழி, வடிகால் துளையும் அதன் பக்கத்தில் இருந்த இரண்டு திருகாணித் துளைகளும்தான். தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னது போன்ற காப்பு எந்தத் துளையிலும் இல்லை. வங்குகள் அனைத்தும் நல்ல ஒலி தந்தன. அப்பா அழுகிய பலகையை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதோடா நான் கடலுக்குப் போய் வந்தேன்?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

எடைக்கான காரணமும் கிடைத்தது. அணியத்து மிதவை அறையைத் திறந்தோம். அதில் தெர்மாகோல் துண்டுகளை அடைத்திருக்கிறார்கள். ஒரு சாக்கில் அள்ளிய தெர்மாகோலை ஒருவர் தூக்க முடியவில்லை. கால் வைத்தால் நீர் பிதுங்குகிறது. அறையை மீண்டும் புதிய தெர்மாகோலால் நிரப்பி மூடலாமா? மூடியை ஐசோ ரெசினில் போட எண்ணியிருக்கிறேன்.

ரெசின்வாளி எழுதியது:

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால், அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேலே மூடி இறுகி அழகாக இருக்கும், உள்ளே பாதி அறை வெறுமையாகியிருக்கும். பெட்ரோல் கசிந்து அறைக்குள் போனாலும் இதே கதிதான். ஊற்றினால் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை அந்த அளவுக்குக் கரையாது, ஆனால் ஈரம் நுழையும் வழி இருந்தால் அதுவும் ஆண்டுக்கணக்கில் நீரைக் குடிக்கும். குடித்த பிறகு வெட்டி எடுப்பது பெரும்பாடு.

உங்கள் படகுக்கு நான் சொல்வது, காற்றுப் புகாமல் மூடிய ஐந்து லிட்டர், பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள். அறைக்குள் நெருக்கமாக அடுக்கி, நகராமல் வார் போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு பத்து லிட்டர் கேனும் கிட்டத்தட்ட பத்து கிலோவைத் தாங்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை நிற்கும். அறையின் அடியில் ஒரு வடிகால் அடைப்பானும், மேலே கை நுழையும் அளவுக்குத் திருகு மூடியும் வையுங்கள். கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும் அடைப்பானைத் திறந்து பார்த்தால், தண்ணீர் நுழைந்தது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

பலகையை ஒட்டி முடித்து, மேல் விளிம்பை வெட்டுவதற்கு முன் எஞ்சினின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குட்டைத் தண்டு எஞ்சினுக்கு டிரான்சம் உயரம் 15 அங்குலம், நெட்டைத் தண்டுக்கு 20 அங்குலம். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் வரை கீழாகவோ வர வேண்டும். அழுகிய பழைய பலகையின் விளிம்பை நம்பி அளவெடுக்காதீர்கள், அது அமுங்கியிருக்கும்.

ரெசின்வாளி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, தம்பி: எபாக்சி ஒரு வாரம் முழுமையாக இறுகிய பிறகு, படகை ஏராப் பகுதி வேலைக்காகக் கவிழ்ப்பதற்கு முன்னால், வடிகாலை அடைத்துவிட்டுப் பின்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் எடை தாங்காமல் முட்டு நகரும். விடியற்காலையில் வெளித்தோலைத் துணியால் துடைத்துவிட்டு, வடிகால் துளையைச் சுற்றியும் புதிய துளைகளைச் சுற்றியும் நியூஸ்பேப்பர் துண்டை ஒட்டி வைத்துப் பாருங்கள். பேப்பர் ஒரு மணி நேரம் காய்ந்தே இருந்தால் கவிழ்த்துக்கொள்ளலாம்.